நூற்று முப்பதிலிருந்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வரை

படிவத்தில் பதினான்காவது கட்டம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், என் அக்கா அந்த வருடமே கோப்பையை வாங்கியிருப்பாள். கூடவே வயிற்றுப்போக்கையும் வாங்கியிருப்பாள்.

நான் அப்போது நீர்த் தர அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சியில் இருந்தேன். கல்லூரியில் கடைசி வருடத்துப் பையன்களை எங்காவது அனுப்பிவைக்க வேண்டும் என்று விதி. கெட்டிக்காரர்களை எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பி முடித்த பிறகு நானும் ஒரு ஏரியும் மிச்சமிருந்தோம்.

அலுவலகம் இரண்டாவது மாடியில். மூன்று மேஜை, ஒரு கணினி, ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய ஜன்னல். நாற்றம் வருகிறது என்று அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் ஏரி சுத்தமாக இருக்கிறதா என்று கணக்குப் போட்டோம்.

எங்கள் அதிகாரிக்கு அலுவலகத்தில் முழுஎண் என்று பெயர். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை எல்லாம் நமக்குப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கொள்கை. கெட்டவர் இல்லை. கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும், அது ஒரு வரியில் அடங்க வேண்டும், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வர வேண்டும். அவ்வளவுதான் அவர் இந்த உலகத்திடம் எதிர்பார்த்தது.

அந்தத் திங்கட்கிழமை வந்த கேள்வி இது: ஞாயிற்றுக்கிழமை ஏரி நீச்சல் பந்தயத்தை நடத்தலாமா, கூடாதா? படகுத்துறையில் புறப்பட்டு, ஏரி நடுவிலிருக்கும் மிதவையைச் சுற்றிக்கொண்டு அதே துறைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கிலோமீட்டர். நூறு மில்லி தண்ணீரில் சாக்கடைக் கிருமி ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் நடத்தலாம்.

எங்களிடம் கணினிக்குள் ஒரு ஏரி இருந்தது. அதற்குப் பதினொரு எண்களைக் கொடுக்க வேண்டும். கால்வாயில் எவ்வளவு கழிவு வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஆழம் எவ்வளவு, வெயில் எவ்வளவு, கிருமிகள் என்ன வேகத்தில் செத்துப்போகின்றன, இந்த மாதிரி. கொடுத்தால் அது பன்னிரண்டாவதாக ஒரு எண்ணைத் துப்பும். நான் கொடுத்தேன். நானூற்றுப் பத்து என்று துப்பியது.

"நானூத்திப் பத்து. முடிஞ்சுது. படிவத்தை நிரப்பு தம்பி," என்றார் முழுஎண்.

பதின்மூன்று கட்டங்களை நிரப்பினேன். பதினான்காவது அந்த வருடம் புதிதாகச் சேர்த்தது. 'முடிவின் நிச்சயமின்மை, ஒவ்வொரு உள்ளீட்டின் தாக்கம்' என்று இருந்தது.

"சார், இதுல என்ன எழுத?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "உண்டுன்னு எழுதிடு."

நான் எழுதவில்லை. இதற்கு நேர்மை காரணமில்லை. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. எனக்கு வேறு வேலையும் இல்லை.

தாக்கத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பதினொரு எண்களில் ஒவ்வொன்றாகப் பத்து சதவீதம் ஏற்றிப் பார்க்க வேண்டும், பத்து சதவீதம் இறக்கிப் பார்க்க வேண்டும், முடிவு ஆடுகிறதா என்று கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கோபத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் வீட்டில் எதுவும் மாறாது, டி.வி. சத்தம் கொஞ்சம் கூடும். அம்மாவின் கோபத்தை ஒரு சதவீதம் ஏற்றிப் பாருங்கள், மூன்று வேளைச் சாப்பாடும் ஆட்டம் காணும். என் கோபத்தைப் பத்து மடங்கு ஏற்றினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆக எங்கள் வீடு அம்மாவில் நிற்கிறது.

ஏரியும் அப்படித்தான் ஒரே ஆளில் நின்றது. காற்றை மாற்றினேன், அசையவில்லை. ஆழத்தை மாற்றினேன், சும்மா இருந்தது. கிருமி சாகும் வேகத்தைத் தொட்டேன், ஏரியே எழுந்து நின்று ஆடியது.

அந்த வேகத்துக்கு எங்களிடம் இருந்த எண் ஒரு விசித்திரமான எண். புத்தகங்களில் போட்டிருப்பதைப் போல மூன்று மடங்கு. உலகத்தில் மற்ற ஏரிகளில் மூன்று நாள் உயிரோடிருக்கும் கிருமி எங்கள் ஏரியில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. பார்க்கப்போனால், அதற்காக முழுஎண் ஒரு மாநாட்டில் கட்டுரையே வாசித்திருந்தார். 'நமது ஏரியின் அபூர்வ சுய சுத்திகரிப்புத் திறன்.' அதற்குக் கொடுத்த சான்றிதழ் சட்டம் போட்டு அவர் தலைக்கு மேலே தொங்கியது.

எங்கள் எண்ணுக்குக் கொஞ்சம் மேலிருந்து புத்தகத்து எண்களுக்குக் கொஞ்சம் கீழ் வரை எது வேண்டுமானாலும் உண்மையாக இருக்கலாம் என்று கணினியை ஆயிரம் தடவை ஓடவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் கிருமி எண்ணிக்கை நூற்று முப்பதிலிருந்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வரை.

முழுஎண் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நூத்தி முப்பதுன்னா நீந்தலாம்."

"ஆமா சார்."

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்னா?"

"அப்பவும் நீந்தலாம் சார். ஆனா மறுநாள் வீட்டை விட்டு வெளிய வர முடியாது."

"நான் உன்கிட்ட ஒரு நம்பர் கேட்டேன். நீ அதோட சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிட்டு வந்து நிக்கிறே. நடுவுல ஒண்ணைப் போடு."

"நடுவுலன்னா ஆயிரத்து ஐந்நூறு சார்."

"அப்ப நடுவுக்குக் கொஞ்சம் கீழ போடு," என்றார். "வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதுக்குள்ள இதைக் கொஞ்சம் ஒல்லியாக்கிக் கொண்டு வா."

வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு, மழுப்பலான பதில் என்றாலே அவளுக்கு ஆகாது. முப்பது வயதுக்குட்பட்டோர் பந்தயத்தில் இரண்டு வருடமாக இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு வருடமும் அவளை முந்திய பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆக இந்த வருடக் கோப்பை அக்காவுக்குத்தான் என்று நீச்சல் குளத்துக் காவலாளி உட்பட எல்லோருக்கும் தெரியும். ஒரு சிக்கல்: பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்கு முப்பது முடிகிறது. பந்தயம் தள்ளிப்போனால் அவள் மேல் பிரிவுக்குப் போய்விடுவாள். மேல் பிரிவில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வருடமாகக் கோப்பையை யாருக்கும் கொடுத்ததில்லை.

அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. தினமும் காலையில் நீச்சல் குளக் கரையில் துண்டோடும் நிறுத்துக் கடிகாரத்தோடும் நின்று அக்காவின் நேரத்தைக் குறிப்பது அவள்தான். நோட்டில் முப்பத்திரண்டு நாள் நேரம் வரிசையாக இருந்தது.

"டேய், ஏரி ஓகேவா?" என்றாள் அக்கா சாப்பிடும்போது. அவள் நீச்சல் தொப்பி என் நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தது.

"நூத்தி முப்பதுல இருந்து ரெண்டாயிரத்து..."

"என்னடா பஸ் நம்பர் சொல்றே? ஓகேவா இல்லையா?"

"ஓகேவாவும் இருக்கலாம்க்கா."

"கடையில ஒருத்தர் வந்து 'கண்ணு தெரியுதுன்னும் சொல்லலாம்'னு சொன்னா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? கண்ணுல மருந்து ஊத்தி ஒரு மணி நேரம் உக்கார வெப்பேன். நேரா சொல்லு. நீ அந்தத் தண்ணியில இறங்குவியா?"

"எனக்கு நீச்சல் தெரியாதேக்கா."

"தெரிஞ்சா?"

நான் தண்ணீர் குடித்தேன். காய்ச்சி வடிகட்டியது.

"அவனை ஏன்டி வறுக்கிறே," என்றாள் அம்மா. "தெரிஞ்சா சொல்ல மாட்டானா? அவனுக்கு என்னிக்கு எது தெரிஞ்சிருக்கு?"

ஆதரவாகத்தான் சொன்னாள்.

புதன்கிழமை, வேறு வழியில்லாமல், அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று பார்க்கக் கிளம்பினேன். ஏரியில் ஆறு இடங்களில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் எண்ணிப் பார்த்து, அதோடு ஒத்துப்போகும்படிதான் கிருமி சாகும் வேகத்தை வைத்திருந்தார்கள். தண்ணீர் எடுப்பவர் சாம்பிள் அண்ணன். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு புதனும் அவர்தான். அலுவலகத்தில் இருந்து ஒருவரும் இதுவரை அவரோடு போனதில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஏரி என்றால் கணினியில் இருப்பதுதானே.

அவர் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்னால் கம்பிக் கூடை. இருக்கைக்குப் பக்கத்தில் அலுவலகம் கொடுத்த நீல நிற ஐஸ் பெட்டி. முதல் இடத்தில் அழகாகக் குனிந்து, கையுறை போட்டு, பாட்டிலைத் தலைகீழாக முக்கி நிமிர்த்தி, மூடி, தேதி எழுதினார். பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம். பிறகு பாட்டிலைக் கம்பிக் கூடையில் போட்டார்.

"அண்ணே, ஐஸ் பெட்டி?"

"அதுல எடமில்லை தம்பி."

திறந்து பார்த்தேன். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பா, இரண்டு கலர் பாட்டில், நறுக்கிய வெள்ளரிக்காய்.

"அண்ணே, இது சாம்பிளுக்குக் குடுத்த பெட்டி."

"தெரியும் தம்பி. ஆனா யோசிச்சுப் பாரு. சாப்பாடு வெயில்ல கெட்டுப்போயிடும். இது ஏற்கெனவே கெட்டுப்போன தண்ணி. அதுக்கு என்ன ஆயிடப்போகுது?"

உண்மையில் அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

ஆறு இடத்தையும் சுற்றி வர நாலு மணி நேரம் ஆகும். நடுவில் இரண்டு டீ, பஞ்சர் கடைக்காரரோடு ஒரு பேச்சு. அந்த நாலு மணி நேரமும் பாட்டில்கள் வெயிலில் இருக்கும். கிருமிக்கு வெயில் ஆகாது. தண்ணீரின் ஆழத்தில் பத்திரமாக இருந்த கிருமிகளைக் கண்ணாடி பாட்டிலில் ஏற்றி, உச்சி வெயிலில் ஊர்வலம் விட்டு, கிட்டத்தட்டப் பிணமாக ஆய்வகத்தில் ஒப்படைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஏரியின் அபூர்வ சுய சுத்திகரிப்புத் திறன் முழுவதும் ஒரு மொபெட்டின் முன்கூடையில் நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு ஒரு உதவி. ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு பாட்டில் எடுங்க. ஒண்ணு கூடையில. ஒண்ணு பெட்டியில."

"அப்ப சாப்பாடு?"

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனிதர் பெரிய மனசுக்காரர். காலை ஒன்பதரை மணிக்கே மூன்று அடுக்கையும் அங்கேயே சாப்பிட்டுத் தீர்த்தார். வெள்ளரிக்காயை எனக்குக் கொடுத்தார்.

கிருமி முளைக்க ஒரு நாள் ஆகும். வியாழக்கிழமை மதியம் ஆய்வக மேடம் தட்டுகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார். கூடைத் தட்டுகளில் அங்கங்கே புள்ளி. பெட்டித் தட்டுகளில், பத்தாவது வகுப்பில் பரு நிறைந்த என் முகம்.

"ரெண்டும் ஒரே ஏரியா?" என்றார் மேடம்.

"ஒரே எடம், ஒரே நிமிஷம் மேடம்."

கூடை, சராசரி முந்நூற்றுத் தொண்ணூறு. பெட்டி, ஆயிரத்து எண்ணூற்று இருபது.

புதிய எண்ணை வைத்து மறுபடி ஆயிரம் தடவை ஓட்டினேன். கிருமி சாகும் வேகம் மற்ற ஏரிகளின் வேகத்துக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்தது. முடிவு: ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து முந்நூறு வரை. முழுஎண் கேட்டபடியே ஒல்லியாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து பந்தய எண்ணை நீச்சல் உடையில் தைத்துக்கொண்டிருந்தாள். பதினேழு. நாளைக்குக் கையெழுத்து. நான் வாயை மூடிக்கொண்டு நானூற்றுப் பத்து என்று எழுதினால் யாருக்கும் தெரியாது; அவளுக்குக் கோப்பை கிடைக்கும். செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் இதை இரண்டு தடவை யோசித்துவிட்டேன்.

"அக்கா."

"ம்."

"அன்னிக்குக் கேட்டியே. நான் இறங்க மாட்டேன்."

ஊசி நின்றது.

"எவ்வளவு நிச்சயம்?"

"ரொம்ப."

"வழக்கமா நீ இழுப்பியே, இதுல இருந்து அது வரைக்கும்னு?"

"இழுத்துப் பாத்துட்டேன்க்கா. எப்படி இழுத்தாலும் சாக்கடைதான்."

அவள் தைத்த நூலை ஒவ்வொரு தையலாகக் கத்தரித்தாள். பதினேழு பிரிந்து வந்தது. "அந்தப் பல் டாக்டரை நீயே போய்ப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், மூன்று வேளைச் சாப்பாடும் ஆட்டம் கண்டது.

வெள்ளிக்கிழமை தட்டுகளின் படங்களை முழுஎண்ணின் மேஜையில் பரப்பினேன். மொபெட், கூடை, சாப்பாட்டு டப்பா எல்லாம் சொன்னேன். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பித் தனக்கு மேலே தொங்கிய சான்றிதழைப் பார்த்தார்.

"அப்ப நம்ம ஏரிக்கு அபூர்வத் திறன்..."

"பாட்டிலுக்குத்தான் சார்."

என் பயிற்சிச் சான்றிதழ் எந்தக் கூடையில் விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் புதிய காகிதத்தை எடுத்தார்.

"ஆயிரத்து ஐந்நூறுல இருந்து ரெண்டாயிரத்து முந்நூறு. இதுல எந்த நம்பரை எடுத்தாலும் ஐந்நூறுக்கு மேலயா?"

"மேலதான் சார்."

"அப்ப ஒரே பதில்தானேப்பா! கூடாது. இதை முதல்லயே சொல்லக்கூடாதா? மூணு நாளா மனுசனைப் போட்டு வதைக்கிறே." சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை நான் வந்தபோது சான்றிதழ் இருந்த இடத்தில் காலண்டர் தொங்கியது. காலண்டரின் ஓரத்தில் சட்டம் கொஞ்சம் தெரிந்தது.

பந்தயம் ஐந்து வாரம் தள்ளிப்போனது. உண்மையான எண்ணிக்கையைக் காட்டியதும், கழிவுநீர் நிலையத்தில் இரண்டு பம்புகளில் ஒன்று பல மாதமாக ஓடவில்லை என்பது வெளியே வந்தது. ஏரி தானே சுத்தமாகிறது என்று நம்பியதால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பழுது பார்த்தார்கள்.

அக்கா என்னோடு ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் புதன்கிழமை. அவள் கடைக்கு வார விடுமுறை. அலுவலக வாசலில் சாம்பிள் அண்ணனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தாள், ஐஸ் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு. அதற்கப்புறம் எல்லாப் புதனும் இதுதான்.

"உங்க அக்கா என்னை டீ குடிக்கக்கூட விட மாட்டேங்குறாங்க தம்பி," என்றார் சாம்பிள் அண்ணன். "நாலு மணி நேர வேலை, ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடுது. மீதி நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியல."

ஐந்தாவது வாரம் கணினி சொன்னது: நூற்று எண்பதிலிருந்து நானூற்று முப்பது வரை. முழுஎண் "எல்லாம் கீழ," என்று இரண்டே வார்த்தையில் படிவத்தை முடித்தார். பதினான்காவது கட்டத்தை அவரே நிரப்பினார். 'உண்டு. ஆனால் பரவாயில்லை.'

எனக்கு இதற்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது. அம்மாவின் நோட்டிலிருந்த நேரங்களையும், மேல் பிரிவில் பதிவு செய்திருந்தவர்களின் போன வருட நேரங்களையும் போட்டு, பந்தயத்தை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன். அக்கா ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை வருவாள். அவளிடமே சொன்னேன். "தெரிஞ்சதுதானே," என்று தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் எல்லோரும் வரிசையாக நின்றபோது, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லு. இறங்குவியா?"

நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அவள் என் கால்களைப் பார்த்தாள். கண் பரிசோதனை மாதிரிதான் இருந்தது. தலையாட்டிவிட்டுப் போனாள்.

துப்பாக்கி வெடித்தது. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது முன்னால் ஒரு தொப்பி, அது பல் டாக்டரம்மா. அதற்கு நாலு கை தள்ளி இன்னொரு தொப்பி வந்தது. நான் ஐந்தாவது, ஆறாவது தொப்பிகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா இரண்டாவது. மூன்றாவது வருடமும் இரண்டாவது.

துறைப் படியில் ஏறி மூச்சிரைக்க நின்றாள். "அஞ்சுல இருந்து ஒம்பதுன்னே?"

"அதாவதுக்கா, நூத்துல ஒண்ணு ரெண்டு தடவை இப்படி வெளிய விழலாம்..."

"இவ்வளவு பக்கத்துல வருவேன்னு தெரிஞ்சிருந்தா கடைசியில இன்னும் கொஞ்சம் அடிச்சிருப்பேன்டா!"

அம்மா துண்டோடு ஓடிவந்து அவள் தலையைத் துவட்டினாள். நன்றாக, காது மடல் வரை துவட்டினாள். பிறகு இடுப்பிலிருந்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து அமுக்கினாள்.

நானும் அக்காவும் அதைப் பார்த்தோம்.

"அம்மா," என்றாள் அக்கா மெதுவாக. "தினமும் இப்படித்தான் அமுக்குவியா? நோட்டுல இருக்கிறதெல்லாம் இந்த நேரமா?"

"பின்ன? ஈரத் தலையோட நின்னா சளி பிடிக்காதா? முதல்ல துவட்டிட்டு அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடலாமா என்று யோசித்தேன். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது.